ட்ராக் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு: ஆயில் சேம்பரின் உள்ளே பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

என்னிடம் பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய் வருவதும் அதில்தான், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சென்னை பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டியின் இன்ஜினை ஒரு ஆயில் சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி, தின்றுவிட்டது. நம் பக்கம் ட்ராக் ஆசையுள்ள தம்பிகள் பலர் ட்ராக்குக்காகச் சேம்பரை மாற்ற இதே மாதிரி கடைகளுக்குப் போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சேம்பரை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பஸ் வளைவில் திரும்பும்போது சொம்புத் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறும் இல்லையா, சேம்பரில் ஆயிலும் அப்படித்தான். சாதாரண ரோடு டயரிலேயே ட்ராக்கில் அழுத்தித் திரும்பினால் ஆயில் மட்டம் கிட்டத்தட்ட 40 டிகிரி சாய்ந்துவிடும். வளைவு நீளமாக இருந்தால், ஆயிலை உறிஞ்சும் வலை வைத்த குழாயான ஸ்ட்ரெய்னரின் வாய் ஆயிலுக்கு வெளியே தெரிந்து, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடி போதும், பிஸ்டனைத் தாங்கும் கான்ராட் கிராங்கில் சுழலும் இடத்தில் இருக்கும் கான்ராட் பேரிங் காலி. இதைத் தடுக்க சேம்பருக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். அவற்றில் கீல் வைத்த சின்னக் கதவுகள் இருக்கும். ஆயில் ஸ்ட்ரெய்னர் பக்கம் வரும்போது திறக்கும், வெளியே ஓடப் பார்த்தால் மூடிக்கொள்ளும்.

இதைத்தான் கேட்டேன். பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு கடைக்காரர், "நம்ம கிட்ட விட்டுடுங்க தம்பி, ரேஸ் சேம்பர், கதவு வெச்சதே வரும்" என்றார். 28,000 ரூபாய். பாதி ஜிபே, பாதி ரொக்கம். பில் கேட்டதற்கு, வேலை முடியட்டும் என்றார். நான்கு நாள் கழித்துப் போனபோது சேம்பர் மாட்டியே ஆகிவிட்டது. "உள்ளே ஒரு தடவை பார்க்கணும்ணா" என்றேன். "பேஸ்ட் போட்டு இறுக்கியாச்சு, இனி கழட்டினா லீக் ஆகும்" என்றார். அந்த இடத்தில் நான் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு வேகத்தடையில் அடியில் உரசியது. குனிந்து பார்த்தால், வண்டியிலேயே தாழ்வான பாகமாகச் சேம்பர் தொங்குகிறது. அதில் ஒரு கல் பட்டால் போதும். சரி, ட்ராக் வண்டி என்றால் இப்படித்தான் போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த மாதம் ட்ராக். மூன்றாவது சுற்றில் ஒரு நீண்ட வலது வளைவில் சிவப்பு ஆயில் லைட் மின்னி அணைந்தது. உடனே உள்ளே வந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், ஃபுல். ஆயில் நிறைய இருக்கிறதே, ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் ட்ராக்கில் இறங்கினேன். இரண்டு சுற்றில் இன்ஜினுக்குள் டொக் டொக் சத்தம். 200 கிலோமீட்டருக்கு மேல் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கடைக்குப் போகவில்லை. தருமபுரியில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சேம்பரைக் கழற்றிக் கோணியின் மேல் கவிழ்க்காமல் வைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். புதுச் சேம்பரே இல்லை. என் பழைய சேம்பரின் அடியை வெட்டி, 30 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பெட்டியை வெல்டிங் செய்திருந்தார்கள். ஆழத்தைக் கூட்டியவர்கள் ஸ்ட்ரெய்னர் குழாயை நீட்டவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் சேம்பரின் அடித்தகட்டுக்கும் நடுவே 38 மில்லிமீட்டர். பொதுவாக அங்கே 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றிய ஒரு லிட்டர் ஆயிலும் ஸ்ட்ரெய்னருக்கு எட்டாமல் அடியில் சும்மா தேங்கிக் கிடந்திருக்கிறது. டிப் ஸ்டிக் ஃபுல் காட்டியதன் லட்சணம் அதுதான்.

கதவு? ஒன்றுகூட இல்லை. இரண்டு தட்டைத் தகடுகள், அடியில் ஓட்டைகூட இல்லாமல். வளைவில் தகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்த ஆயில் திரும்பி வர வழியே கிடையாது. ஸ்ட்ரெய்னர் வலையில் சிலிகான் பேஸ்ட் புழு புழுவாகச் சிக்கியிருந்தது, நடுவே வெல்டிங் மணிகள். கான்ராட் பேரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரலை வைத்தால் வரி வரியாகத் தட்டுப்பட்டது, ஓரத்தில் உலோகம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பேச்சே வரவில்லை.

ரோட்டிலும் ட்ராக்கிலும் ஒரே வண்டியை ஓட்டுகிறவர்கள் ஆழமான சேம்பர் பக்கமே போகாதீர்கள். நம் வேகத்தடைகளுக்கு அது தாங்காது. இரும்புத் தகடு அடிபட்டு உள்ளே குழிந்தால் ஸ்ட்ரெய்னர் வாயை அடைத்துவிடும், அலுமினியம் என்றால் விரிசல் விடும். ஆழம் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், இடம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் அகலப்படுத்தச் சொல்லுங்கள். இப்போது எனக்கு ஓசூர் லேத் ஒன்றில் செய்துகொடுத்தது பழைய ஆழத்திலேயே நான்கு கதவு வைத்த தடுப்பு. மாட்டுவதற்கு முன் கதவுகளை விரலால் தள்ளிப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணை ஸ்ட்ரெய்னருக்கு அடியில் உருட்டி வைத்து, கேஸ்கட்டோடு சேம்பரை ஏற்றி இறக்கி, நசுங்கிய களிமண்ணை அளந்தோம். 8 மில்லிமீட்டர். பத்து ரூபாய் களிமண், அரை மணி நேர வேலை.

ஆயில் லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். பிரஷர் அநேகமாக மொத்தமும் விழுந்த பிறகுதான் அது எரியும். ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள், வளைவுக்கு நடுவில் முள் சரிகிறதா என்று பாருங்கள்.

கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். "ட்ராக்ல ஓட்டினா இன்ஜின் போகத்தான் செய்யும் தம்பி" என்றார், பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் சொல்லி வைத்திருக்கிறேன். பில் இல்லாதது என் பக்கத்துக் குறை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய "கதவு வெச்ச சேம்பர்" என்ற வரி, கழற்றும்போது எடுத்த வீடியோ, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சேம்பரையும் பேரிங்கையும் செய்தித்தாளில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

இந்த ஒரு வருடத்தில் கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் சேம்பர் வேலை செய்தவர்கள், அடுத்த முறை ட்ராக்குக்குக் கிளம்பும் முன் அதைக் கழற்றி ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.