சாட்டர்ன் எஸ் சீரிஸ்: டிப்ஸ்டிக்கைப் பார்ப்பவருக்கு நல்ல கார்

ஜப்பானியச் சின்னக் கார்களுக்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1985-ல் தொடங்கிய தனி நிறுவனம் சாட்டர்ன். டென்னசியின் ஸ்பிரிங் ஹில் ஆலையில் 1990 ஜூலையில் முதல் கார் இறங்கியது. எஸ் சீரிஸில் எஸ்எல் செடான், எஸ்சி கூப்பே (இரண்டு கதவு வகை), 1993 முதல் எஸ்டபிள்யூ வேகன். அன்று ஷோரூமில் பேரம் கிடையாது. 2002 மாடலோடு எஸ் சீரிஸை நிறுத்தினார்கள், 2010-ல் பிராண்டையே இழுத்து மூடினார்கள். ஏறக்குறைய பத்து வருடம் ஒரே காரை வைத்துக் கடை நடத்தச் சொன்னால் வேறென்ன ஆகும்!

பழைய காராக வாங்க நினைப்பவர்கள் முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் குச்சி) உருவிப் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். எஞ்சின் இரண்டு வகை, இரண்டுமே 1.9 லிட்டர்: வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒன்று மட்டும் உள்ள சிங்கிள் கேம் (முதலில் 85 குதிரைத்திறன், 1995 முதல் 100), இரண்டு உள்ள ட்வின் கேம் (124). இரண்டுக்கும் ஒரே வியாதி. பிஸ்டனில் ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் வளையம்) உட்காரும் பள்ளத்தில் ஆயில் திரும்பி வடியத் துளை இல்லை. அங்கே கரி படிந்து ரிங் இறுகிவிடும்; சுவரில் மிஞ்சும் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். தரையில் சொட்டு விழாது, புகையும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினின் ஆயில் கொள்ளளவே 4 குவார்ட்தான் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்). ஒன்றிரண்டு குறைந்தாலே கேமைச் சுழற்றும் டைமிங் செயினை ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து செயின் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்கும் வண்டியை விட்டுவிடுங்கள்.

சத்தமில்லாமல் ஆயில் மட்டும் குடித்தால் ஊறவைத்துப் பார்க்கலாம். சூடான எஞ்சினில் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி, கரி கரைக்கும் திரவத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி இரவு முழுக்க விடவேண்டும். காலையில் இக்னிஷன், ஃபியூவல் இணைப்புகளைத் துண்டித்து, துளைகள்மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் மிச்சம் வெளியேறும். பிளக் மாட்டுமுன் இதைச் செய்யாவிட்டால் தேங்கிய திரவம் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது. எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் பிஸ்டனில் துளை போடுவதுதான் நிரந்தர வழி.

அடுத்தது கூலன்ட் சென்சார், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது. பிளாஸ்டிக் முனை வெடித்துக் கூலன்ட் கனெக்டருக்குள் ஏறும். எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளிவிடும், ஃபேனையும் ஓட்டாது. பித்தளை முனை சென்சாரும் புதுக் கனெக்டரும் சேர்த்தே போடுங்கள்; கனெக்டர் பச்சை பூத்திருந்தால் சென்சார் மட்டும் மாற்றிப் பயனில்லை.

சிங்கிள் கேமில் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி), கேம் தாங்கிப் பக்கம் விரிசல் விட்டு ஆயிலில் கூலன்ட் கலப்பதுண்டு. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறம் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கில் ரிவர்ஸ் போட்டதும் தடாலென்று உதைத்தால் கியர் மாற்ற எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வ் பாடி தேய்ந்துவிட்டது. மேனுவலில் ஒற்றைச் சக்கரத்தைச் சுழலவிட்டு ஓட்டியவர்களிடம், இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் பின் தெறித்துக் கியர்பாக்ஸ் கூட்டை உடைக்கும்.

கதவும் ஃபெண்டரும் பிளாஸ்டிக். ஷாப்பிங் டிராலி இடித்தால் நெளியாது, துருவும் கிடையாது. வெயிலில் விரிய இடம் வேண்டுமென்பதால் பேனல்களுக்கு நடுவே இடைவெளிகள் அகலம், அது குறையல்ல. பானெட், கூரை, டிக்கி இரும்பு, அங்கேயும் அடிச்சட்டத்திலும் துரு தேடுங்கள்.

எங்கள் தேர்வு ட்வின் கேம், மேனுவல். அதிக ஆர்.பி.எம்மில் கத்தும்தான், ஆனாலும் இந்த எடைக்கு அதுதான் பொருத்தம்.