பெரியம்மாவின் நெஞ்சு ஸ்கானும் அந்தப் பெரிய உறையும்

யாழ்ப்பாணத்தில் படம் இன்னும் பெரிய உறையில்தான் வருகிறது. வைரஸ் காய்ச்சல் தொடங்கி ஒன்பதாம் நாளும் பெரியம்மாவுக்கு மூச்சிழுப்புக் குறையாததால், தனியார் நிலையமொன்றில் நெஞ்சு சி.டி. ஸ்கான் எடுத்தது. வைத்தியரின் துண்டு, வரிசை, காசு எல்லாம் பழையபடிதான். உறையைத் திறந்தபிறகுதான் கோபம்.

உள்ளே இரண்டே தாள். நெஞ்சைக் குறுக்கே அரிந்ததுபோல் காட்டும் வெட்டுகள் 5 மி.மீ. தடிப்பு. மூலையில் விண்டோ, அதாவது படத்தின் கறுப்பு வெள்ளை அமைப்பு, அகலம் 350, மட்டம் 40 என்று அச்சாகியிருக்கிறது. இதயத்தையும் பெரிய இரத்தக்குழாய்களையும் பார்க்கிற அளவு அது. நுரையீரல் வெறும் கறுப்பு. வைரஸ் தொற்றில் தேடுவதோ, தேய்த்த கண்ணாடிபோன்ற மெல்லிய வெண்மங்கல். நுரையீரலின் இரத்தக்குழாய்கள் அதனூடே தெரியும். 350இல் அது கரைந்துபோகும். அகலம் 1500, மட்டம் −600, வெட்டு 1 மி.மீ. அளவில் இருந்தால்தான் பிடிபடும். இதற்கு ஆளைத் திரும்பப் படுக்கவைக்கத் தேவையில்லை, எடுத்த தரவிலிருந்தே மெல்லிய வெட்டுகளை உருவாக்கலாம். ஆனால் மெஷினில் இடம் நிரம்ப மூலத்தரவு அழிந்துவிடும். அன்றைக்கே கேட்க வேண்டும். லண்டனில் வைத்தியர் திரையில் விண்டோவை மாற்றி மாற்றிப் பார்ப்பார். தாளில் அச்சானதை யார் மாற்றுவது? படங்களைப் பதிந்த சீடித் தட்டைக் கேட்டால், "நாளைக்கு வாங்கோ."

அதே இடத்தில்தான் மனம் நிறைந்த வேலையும் நடந்தது. படமெடுத்த பிள்ளை, "அம்மா, நல்லா இழுத்துப் பிடியுங்கோ, விடாதேங்கோ" என்று மூன்று தரம் பழக்கிவிட்டுத்தான் மெஷினை ஓடவிட்டது. மூச்சு அரைகுறையாக நின்றால் நல்ல நுரையீரலும் மங்கலாகத் தெரியும், நோயென்று எழுதிவிடுவார்கள். பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, கீழ்ப்பகுதியை மட்டும் இன்னொருதரம் எடுத்தது. வயதானவர்கள் மல்லாந்து கிடந்தால் முதுகுப்பக்க நுரையீரல் பாரத்தில் சுருங்கி மங்கல் காட்டும். புரண்டால் அது மறையும். தொற்றென்றால் மறையாது. லண்டனில் அவசரப் பிரிவு நெரிசலில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, ஊர்ப்பிள்ளை என்று நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் சீடி கிடைத்தது. இடப்பக்க மங்கல் குப்புறப் படுத்த படத்தில் மறைந்திருந்தது. வலது கீழ்மடலில் வெளிவிளிம்பை ஒட்டியது மட்டும் அப்படியே நின்றது, உள்ளே வலைபோன்ற கோடுகளுடன். நெஞ்சறையில் நீரில்லை, நிணநீர்க்கணுக்கள் வீங்கவில்லை. முதல்நாள் நாங்கள் சனல் பண்ணி, அதாவது காசு கட்டிப் பதிந்து, காட்டிய வைத்தியர் அந்த இரண்டு தாளையும் ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்து, "பெரிசா ஒண்டும் தெரியேல்லை" என்றிருந்தார்.