வுடன் ஃப்ளோரிங்: அறை வாசலில் பட்டி வைப்பதா, ஒரே ஓட்டமாக விடுவதா?

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே மரத்தரை போடலாம் என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. லேமினேட் பலகைகளைத் தரையில் ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதும் இல்லை. ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே போகிறார்கள். முழுத் தரையும் ஒரு பெரிய பாய் போல மேலே கிடக்கும். ஒற்றை அறை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஹால், அதை ஒட்டி இரண்டு படுக்கையறைகள் என்று சேர்த்துப் போடும்போதுதான் வாசலில் வந்து நிற்கிறோம். பலகையைக் கதவு நிலைக்கு அடியில் நுழைத்து அப்படியே அடுத்த அறைக்குக் கொண்டுபோவதா? இல்லை, வாசலில் தரையை வெட்டி நிறுத்தி, மேலே டி-பட்டி (T வடிவ மூடுபட்டி) வைத்து மூடுவதா?

அழகில் ஒரே ஓட்டம்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. கண் தடையில்லாமல் ஓடும், சின்ன வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரியும், துடைப்பம் தட்டாது. பட்டியோ தரைக்கு மேலே சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். வீட்டில் வயதானவர்கள் காலை இழுத்து நடப்பவர்களாக இருந்தால் அதுவும் ஒரு கவலைதான்.

ஆனால் இந்தத் தரை சும்மா கிடப்பதில்லை. லேமினேட் பலகையின் நடுப்பகுதி மரநாரை அழுத்திச் செய்த பலகை. காற்றில் ஈரம் ஏறினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அதற்காகத்தான் சுவரை ஒட்டி இடைவெளி விடச் சொல்கிறார்கள். பல தயாரிப்பாளர்களின் கணக்கு, ஒரு மீட்டர் தரைக்குச் சுமார் 1.5 மி.மீ., அதுவும் ஒவ்வொரு பக்கமும். 5 மீட்டர் அறைக்கு 8 மி.மீ. போதும். ஹாலும் படுக்கையறையும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து 14 மீட்டர் ஆனால் 21 மி.மீ. வேண்டும். அவ்வளவு அகல இடைவெளியைச் சுவரடியில் ஓடும் சாதாரண ஸ்கர்ட்டிங் பட்டை மூடாது. எந்த ஆசாரியும் மனசார விடவும் மாட்டார், 10 மி.மீ. விட்டுவிட்டு “போதும் சார்” என்பார்.

வாசலின் வடிவம் அடுத்த தொல்லை. இரண்டு பெரிய அறைகளும் நடுவில் 80 செ.மீ. வாசலும் சேர்ந்தால் தரை உடுக்கை போல இடை சிறுத்துப்போகிறது. இந்தப் பக்க அறை ஒரு திசையில் தள்ள, அந்தப் பக்க அறை வேறு திசையில் இழுக்க, மொத்தப் பாரமும் அந்தக் குறுகிய இடுப்பில் இருக்கும் நாலைந்து பலகைகளின் பூட்டுகள் மேல் விழும். பூட்டு விரிந்து கோடு தெரியும், இல்லையென்றால் மேடு தட்டும்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹால் ஜன்னல் திறந்தே கிடக்கும். படுக்கையறையில் கதவைச் சாத்தி இரவெல்லாம் ஏசி. ஒரே கதவுக்கு இந்தப் பக்கம் கசகசப்பு, அந்தப் பக்கம் வறட்சி. என்னைக் கேட்டால் வாசல் விஷயத்தை அழகு முடிவு செய்யக் கூடாது, இந்தக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

இதை என் அக்கா வீட்டில்தான் பார்த்தேன். வேலை எடுத்தவர் மூன்று அறைகளையும் ஒரே ஓட்டமாகப் போட்டுக் கொடுத்தார், பார்க்கப் பிரமாதமாக இருந்தது. முதல் மழைக்காலத்தில் படுக்கையறைக் கதவு தரையில் உரசத் தொடங்கியது. கதவு ஊதியிருக்கிறது என்று அடியை இழைத்தார்கள். கதவு ஊதவில்லை, தரைதான் எழும்பியிருந்தது. நிலையைச் சுற்றி ஒரு நூல் இடைவெளிகூட விடாமல் பலகையை முட்டவைத்திருந்தார். கடைசியில் வாசலில் தரையை அறுத்து டி-பட்டி வைத்த பிறகுதான் அது மெல்ல உட்கார்ந்தது.

போடும் வேலையிலும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே ஓட்டத்துக்கு ஹாலில் பிடித்த நூல் வாசல் வழியாக அடுத்த அறைக்குள்ளும் நேராகப் போக வேண்டும். நம் ஃப்ளாட்டுகளில் மூலை மட்டம் சரியாக இருக்கும் அறையை விளக்கு வைத்துத் தேட வேண்டும். ஹாலுக்கு நேராக இருக்கும் வரிசை படுக்கையறைச் சுவரருகே ஒரு முனையில் நாலு விரல், மறுமுனையில் ஒரு விரல் என்று முடியும். நிலைக்கு அடியில் பலகையைச் சாய்த்துப் பூட்டவும் இடமிருக்காது. பூட்டின் உதட்டைச் செதுக்கி, பசை தடவி, படுக்கைவாட்டில் இழுத்துச் சேர்க்க வேண்டும். பட்டி வைத்தால் ஒவ்வோர் அறையையும் அதனதன் சுவரிலிருந்து புதிதாகத் தொடங்கலாம், திசையைக்கூட மாற்றலாம். ஒரே ஓட்டத்துக்குச் சாதகமான ஒரு கணக்கும் உண்டு: 8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம் சேர்ந்து கதவின் அடியில் 10 மி.மீ. போகிறது. பட்டியும் வந்தால் கதவை இன்னும் கொஞ்சம் இழைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஏசி குழாய் கசிந்து ஓர் அறை ஊறிவிட்டால், பட்டி இருக்கும் வீட்டில் அந்த அறையை மட்டும் பிரிக்கலாம். ஒரே ஓட்டமாக இருந்தால் எங்கிருந்து பிரிப்பது என்பதிலேயே பாதி நாள் போகும்.

எஸ்.பி.சி. பலகை வாங்குபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். கல்பொடியும் பி.வி.சி.யும் கலந்த அது ஈரத்துக்கு அசையாது, அதனால் லேமினேட்டை விட நீளமான ஓட்டத்துக்கு அனுமதிக்கும் தயாரிப்புகள் உண்டு. ஆனால் வெயிலுக்கு விரியும். பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியாக மதிய வெயில் விழும் ஹாலில் இதைக் கவனிக்க வேண்டும். எதுவானாலும் பெட்டியோடு வரும் தாளில் எத்தனை மீட்டர் வரை, வாசலில் என்ன என்று எழுதியிருக்கும். அதை மீறினால் வாரண்டி கேட்டுப் போக முடியாது.

நான் என் வீட்டில் இரண்டையும் கலந்தேன். ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் கதவில்லை. திறப்பும் கிட்டத்தட்ட சுவரின் முழு அகலம். இரண்டுக்கும் ஒரே காற்று. நீளம் 8 மீட்டருக்குள். அங்கே ஒரே ஓட்டம். படுக்கையறை வாசல்களில் பட்டி, அதுவும் கதவைச் சாத்தினால் கதவுக்கு நேர் கீழே மறையும் இடத்தில். பட்டியின் அடிச்சட்டத்தைப் பலகையில் திருகாமல், நடுவில் விட்ட இடைவெளியில் டைல்ஸோடு பிடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். பலகையில் திருகிவிட்டால் மிதக்கும் தரை அங்கே கட்டுண்டுவிடும், பட்டி வைத்ததே வீண். பாரம் ஏறினாலும் தரை கட்டுண்டுவிடும் என்பதால், உயரமான மர அலமாரியை முதலில் நிறுத்திவிட்டு, அதன் முன்னால் வரைதான் தரை போட்டோம்.

மீந்த ஆறு பலகைகள் பரணில் இருக்கின்றன. அதே டிசைன் இரண்டு வருடம் கழித்துக் கடையில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.