நிர்பீக் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 2014-ல் வெளியிட்ட நிர்பீக், டைட்டானியம் கலவையில் செய்த ஆறு தோட்டா ரிவால்வர். எடை சுமார் அரை கிலோதான். நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்கச் சுகம். ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும். அந்த உதைப்பு கைக்கு மட்டுமல்ல, சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களுக்கும் விழுகிறது.

இதற்கு ஏற்றது தொழிற்சாலையில் அடைத்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் ஒன்றுதான். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது புணே அருகே கட்கியில் உள்ள தோட்டாத் தொழிற்சாலையின் கே.எஃப். முத்திரைத் தோட்டா. இந்த ரகத்தில் சுட்டதும் பறந்து போகும் குண்டின் வழக்கமான எடை 98 கிரெயின், அதாவது 6.35 கிராம். அழுத்தம் குறைவு, இலேசான துப்பாக்கி உடலுக்கு அதுவே நல்லது. இதைவிட வேகமான தோட்டா தேடி அலைய வேண்டாம்.

கடையில் வெறுமனே "முப்பத்திரண்டு" என்று கேட்காதீர்கள். அஷானி பிஸ்டலுக்குப் போடும் .32 ஏசிபி தோட்டாவும் அதே பெயரில்தான் புழங்குகிறது. மருந்து அடைத்த பித்தளைக் கூட்டின் பருமன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. சில சிலிண்டர்களில் ஏசிபி உள்ளே இறங்கியும்விடும். ஆனால் அதன் அழுத்த வரம்பு 20,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), லாங்குக்கு 15,000; அதனால் அதை இதில் சுடக் கூடாது. கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: லாங் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 32 மில்லிமீட்டர், அடிவிளிம்பு நன்றாக வெளியே நிற்கும். ஏசிபி 25 மில்லிமீட்டர், விளிம்பு நகத்தில் தட்டுப்படும் அளவுதான்.

அடுத்தது குண்டு நழுவுதல். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது பித்தளைக் கூடும் அதோடு பின்னால் போகிறது, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. குண்டைக் கவ்வியிருக்கும் கூட்டின் வாய்ப்பிடி தளர்வாக இருந்தால் குண்டு மெல்ல முன்னேறி சிலிண்டர் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொள்ளும். அப்புறம் சிலிண்டர் சுற்றாது. புதுப் பெட்டி வாங்கினால், அனுமதி பெற்ற சுடுதளத்தில் சோதியுங்கள்: ஒரு தோட்டாவின் நீளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து ஆறாவதாகச் சுற்றிவரும் அறையில் போடுங்கள். ஐந்தைச் சுட்டபின் அதை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பெட்டி இந்த ரிவால்வருக்கு ஆகாது.

சத்தம் சுருதி குறைந்து 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலிலேயே நின்றிருக்கும்; அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும். சுத்தியல் அடித்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி 30 விநாடியாவது காத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலில் தைத்த தோட்டா பெல்ட் பார்க்க அம்சமாக இருக்கும். எடுத்துச் செல்லும் நேரத்துக்கு மட்டும் அதில் செருகுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் வியர்வையோடு சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். தோல் தொடும் இடத்தில் கூட்டைச் சுற்றி வளையம் போலப் படிந்திருக்கும். சொம்பு விளக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் ஓரமாக ஈரம் உள்ளே இறங்கும். எண்ணெய் தடவினாலும் அதே கதிதான். வேலூர் வெயிலில் காருக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வைக்காமல், அட்டைப் பெட்டியோடு பூட்டிய அலமாரியில் வையுங்கள். களிம்பு ஆழமாக அரித்ததைச் சுட்டுத் தீர்க்க நினைக்காமல், லைசென்ஸ் உள்ள டீலரிடம் காட்டி ஒப்படைத்து, ஒப்படைத்ததைக் கணக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.