சோனிகேட்டர் தொட்டியோடு நான்கு வருஷம்

"அக்கா, எங்க லேபுக்கும் சோனிகேட்டர் வாங்கச் சொல்லட்டுமா?" என்று ஜூனியர் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. சோனிகேட்டர் என்றால் தண்ணீர்த் தொட்டியில் மீயொலி அதிர்வு கொடுத்து, அதில் வைத்த குடுவையில் இலைப் பொடியின் சாறு இறங்கச் செய்யும் கருவி. எங்கள் தொட்டி போன மாதம்தான் அந்த அதிர்வைத் தரும் டிரான்ஸ்டியூசரை மாற்றி வந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

வேகத்தில் குறையே இல்லை. நிழலில் உலர்த்திய முருங்கை இலைப் பொடி 10 கிராம், 70% எத்தனால் 100 மில்லி, அரை மணி நேரம், முடிந்தது. ஆல்கஹாலைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து இலை மேல் திரும்பத் திரும்பச் சொட்டவிடும் சாக்ஸ்லெட் கருவி என்றால் ஆறு மணி நேரக் காவல். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே வெந்நீர். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு ஐஸ் வாங்க நான்தான் ஓடுவேன். போதாததற்கு, 70% ஊற்றினாலும் ஆவியில் ஆல்கஹால்தான் கூடுதலாக மேலே போகும், தண்ணீர் அதிகம் கீழேயே தங்கிவிடும். இலை மேல் சொட்டுவது நாம் ஊற்றிய கலவையே இல்லை. பாவம், 1879-இல் பால் கொழுப்பை அளக்கச் செய்த கருவி அது.

சரி, தொட்டிக்கு வருகிறேன். ஒரே பொடி, ஒரே எத்தனால், இரண்டு குடுவைகள். ஒன்றின் சாறு, ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறனைச் சோதிக்கும் டிபிபிஹெச் கரைசலின் ஊதாவை வெளிர் மஞ்சளாக்கியது. மற்றதில் ஊதா மிச்சம் நின்றது. அந்த ஊதாவை அளக்கும் 517 நானோமீட்டர் ஒளியில் மூன்று முறை பார்த்தேன். ஒரு மாதம் திரவம் அளக்கும் பிப்பெட்டைத் திட்டினேன். கடைசியில் அலுமினியத் தாளைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். அதிர்வு பலமாக இருந்த நடுவில் தாள் சல்லடையாகிவிட்டது. வலது மூலையில் இருந்ததில் ஒரு பொத்தல்கூட இல்லை. அன்றிலிருந்து சல்லடையான இடத்துக்கு நேராக விளிம்பில் மார்க்கரால் பெருக்கல் குறி, அங்கே மட்டும்தான் குடுவை.

ரிப்பேர் முடிந்து வந்ததும் முதலில் தாளைத்தான் தொங்கவிட்டேன். செத்த மூலை இடது பக்கம் போயிருந்தது! ஆள் சிரித்துக்கொண்டே, "சத்தம் வருதுல்ல மேடம்?" என்றார். சத்தத்தையா நான் தீசிஸில் எழுதப் போகிறேன்?

அந்தக் கோபத்தில் பொடியைப் பழுப்பு பாட்டில்களில் மூன்று நாள் ஊறப் போட்டேன், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குலுக்கு. மூன்று பாட்டில் சாறும் ஏறக்குறைய ஒரே முடிவைத் தந்தது. பாட்டி கஷாயத்துக்கு ஊறப் போடும் அதே வேலைதான். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆகவே தம்பி, வாங்காதே. பாட்டிலும் பொறுமையும் போதும்.

நாளைக்கு எனக்குப் பன்னிரண்டு சாம்பிள். தொட்டியைக் காலை ஒன்பது மணிக்கே என் பேரில் எழுதிவைத்துவிட்டேன். யாரும் தொட வேண்டாம்.