தீவுகளுக்குப் படை கொண்டுசெல்ல: சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் இரைச்சல் எங்கள் வயல்வரை கேட்கும்போதெல்லாம், தொலைதூரத் தீவுகளுக்குப் படையையும் பொருளையும் சேர்க்க எது உகந்தது என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

1988 நவம்பர் 3 அன்று, மாலத்தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க, ஆக்ராவிலிருந்து புறப்பட்ட நம் விமானப்படையின் ஐஎல்-76 சரக்கு விமானங்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக இடைநில்லாமல் பறந்து, அங்குள்ள ஹுல்ஹுலே தீவின் ஓடுபாதையில் இரவிலேயே பாராசூட் படையினரை இறக்கின. அந்த வேகமும் தூரமும் ஹெலிகாப்டருக்கு எட்டாதவை. ஆனால் அந்த ஓடுபாதை எதிரியின் கைக்குப் போயிருந்தால், தரையிறங்கும் திட்டமே குலைந்திருக்கும்.

எம்ஐ-17 ஹெலிகாப்டருக்கு நெல் அடிக்கும் களம் அளவு திடமான திறந்தவெளி போதும். சுற்றிலும் தென்னையும் மின்கம்பியும் இல்லாதிருக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ எண்பது மூட்டை சுமக்கும். ஏஎன்-32 விமானம் நூற்றுமுப்பது மூட்டை சுமக்கும். எனினும் ஹெலிகாப்டர் செல்லும் தீவில் எரிபொருள் இல்லையென்றால், திரும்பி வருவதற்கான எண்ணெயையும் அதுவே சுமந்தாக வேண்டும். அந்த எடைக்கு ஈடாக மூட்டைகளை இறக்கிவிட வேண்டியதுதான். முன்கூட்டியே இடைத்தீவுகளில் எரிபொருள் பீப்பாய்களைச் சேர்த்துவைக்காத திட்டத்தை நான் திட்டமாகவே மதிக்கமாட்டேன்.

நாகப்பட்டினத்தைச் சூறையாடிய 2004 சுனாமி, அதே காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தையும் சிதைத்தது. அங்கே முதலில் மக்களை மீட்டவை ஹெலிகாப்டர்களே. ஆகவே ஓடுபாதை உறுதியாக நம் வசமிருந்தால் விமானத்தையும், அதில் சிறிதேனும் ஐயமிருந்தால் ஹெலிகாப்டரையுமே முதலில் அனுப்புவேன்.