சீட்டா, சக்கரமா? அறிவியல் புனைகதைப் பாத்திரங்களைக் குலுக்கி எடுக்க எது நல்லது

மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் ஒரு மணி நேரம் அவர்களை உட்கார வைக்க வேண்டும். நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டு, 'நான் மனுஷனா? பறப்பேனா? கெட்டவனா?' என்று மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டே தான் யார் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அவளுக்கு ரோபோ, விண்கலம் என்றால் உயிர். அதனால் பெயர்கள் எல்லாம் அறிவியல் புனைகதையிலிருந்து. யாருக்கு யார் என்பதை நாமே முடிவு செய்தால் 'அவனுக்கு மட்டும் சுலபமானது குடுத்தீங்க' என்று சண்டை வரும். குலுக்கித்தான் எடுக்க வேண்டும்.

மூன்று வருடமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது இது எங்கள் வீட்டில் நடக்கிறது. நெற்றி விளையாட்டு, பேசாமல் நடித்துக் காட்டும் விளையாட்டு, இரண்டு பாத்திரங்களை எடுத்து அவை சந்திப்பது போலக் கதை எழுதுவது என்று மூன்று வகை. பெயர் எடுக்க நான்கு வழிகளைப் பார்த்துவிட்டேன். இப்போது ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் அதற்குள் நாலாக மடித்த சீட்டுகளும்தான் நிரந்தரம். காரணம் சொல்கிறேன்.

முதலில் செல்போன். பொத்தானை அழுத்தினால் ஏதாவது ஒரு பாத்திரத்தின் பெயரைக் காட்டுகிற தளங்கள் இருக்கின்றன. வேகம் என்றால் அதுதான் வேகம். தனியாக உட்கார்ந்து கதைக்கு ஒரு பொறி தேடுகிறவருக்கு நன்றாகவே உதவும். ஆனால் அந்தப் பட்டியல் நம்முடையது இல்லை. விண்வெளிப் படத்தில் இரண்டு நிமிடம் வந்து போன ஏதோ ஒரு தளபதியின் பெயர் வரும், அறையில் ஒருவருக்கும் தெரியாது. மறுபடி அழுத்த வேண்டும், மறுபடியும் தெரியாத பெயர். மூன்றாவது முறை பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இதற்கு நேர் எதிர். 'ஏதாவது ஒன்று சொல்' என்று நான் கேட்ட போதெல்லாம் மிகப் பிரபலமான நாலைந்து பேரே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நம் பட்டியலை நாமே உள்ளிட்டு, செல்போன் திரையில் சுழற்றும் சக்கரம் இதைவிட மேல். சக்கரம் சுற்றி மெல்ல நிற்கும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், அந்தச் சுகம் சீட்டில் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: வந்த பெயரை நீக்கிவிடும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நீக்காமல் 40 பெயரிலிருந்து பன்னிரண்டு பேருக்கு எடுத்தால், ஏதாவது ஒரு பெயராவது இரண்டு பேருக்கு வர 84 சதவீத வாய்ப்பு உண்டு. நாற்பதில் பன்னிரண்டுதானே என்று தோன்றும், கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படித்தான் வருகிறது. சீட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. எடுத்த சீட்டு கையில் இருக்கிறது, வாளிக்குள் இல்லை.

பகடை போடுவது மூன்றாவது வழி. இரண்டு பகடையின் எண்ணைக் கூட்டிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். கூட்டுத்தொகை 7 வர ஆறு விதம் இருக்கிறது, 2 வர ஒரே விதம். ஏழாம் எண்ணில் இருக்கும் பாத்திரம் வந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று வைத்து, சிவப்பைப் பத்தாம் இடமாகவும் வெள்ளையை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 பாத்திரங்களுக்கும் சம வாய்ப்பு. நாங்கள் தாயக்கட்டையிலும் ஆடிப் பார்த்தோம். ஒரு கட்டையில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிட்டால் எது முதல், எது இரண்டாவது என்று தெரிந்துவிடும். கட்டைக்கு நாலு பக்கம் என்பதால் மொத்தம் 16 பாத்திரம். உருட்டும் சத்தத்துக்காகவே என் மாமியாருக்கு இதுதான் பிடிக்கும். நாலைந்து பேர் என்றால் போதும், பன்னிரண்டு பேருக்குப் பத்தாது.

சரி, சீட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தேன். செலவு இல்லை. ஒரே தடிமன் இருக்க வேண்டும் என்பதை அனுபவத்தில்தான் கற்றேன். ஒரே ஒரு சீட்டு மட்டும் ஜிகினா ஓரம் வைத்த பத்திரிகையில் வெட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் அதை விரலால் தடவியே கண்டுபிடித்து, மூன்று மாதம் தொடர்ந்து 'ஸ்டார் வார்ஸ்' படத்து யோடாவாகவே இருந்தான். அப்புறம், குலுக்குவது. புதிதாகப் போட்ட சீட்டுகள் மேலேயே கிடக்கும், வாளியை ஆட்டினால் மட்டும் கலந்துவிடாது. உத்திரமேரூர் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறை எழுதப்பட்டிருக்கிறது. ஓலைகளை வேறொரு வெறுங்குடத்துக்கு மாற்றிக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்க வேண்டும், அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது. நாங்களும் இரண்டாவது வாளிக்குக் கொட்டித்தான் குலுக்குகிறோம். விரித்த உள்ளங்கை விதியையும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் நான் சீட்டிலேயே நின்றுவிட்டதற்கு இவை எதுவும் காரணம் இல்லை. பட்டியலைப் பராமரிப்பதுதான் காரணம்.

முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் நெற்றியில் 'பிராங்கன்ஸ்டைன்'. 'நான் மனுஷனா?' என்று கேட்டாள். பாதிப் பேர் ஆமாம், பாதிப் பேர் இல்லை. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உயிரை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர், அந்த உயிருக்குப் பெயரே கிடையாது. ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பிராங்கன்ஸ்டைன் என்றால் தையல் போட்ட நெற்றியோடு நடந்து வருகிற அதுதான். அந்தப் பெண் பாவம், பத்து நிமிடம் திண்டாடினாள். அன்று இரவே சீட்டைக் கிழித்துவிட்டு 'பிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய உயிர்' என்று புதிதாக எழுதினேன்.

அடுத்து சிட்டி. 2010-இல் வந்த எந்திரனைப் பார்க்காத பிள்ளை இல்லை, அதனால் தகராறே வராது என்று நினைத்தேன். 'நான் நல்லவனா?' என்ற கேள்வியில் விழுந்தது. சிவப்புச் சில்லு பொருத்தும் வரை நல்லவன், பொருத்திய பிறகு இல்லை. இப்போது 'சிட்டி' ஒரு சீட்டு, 'சிவப்புச் சில்லு போட்ட சிட்டி' இன்னொரு சீட்டு. கதை எழுதும் நாளில் இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் அன்றைக்கு நல்ல கதை கிடைக்கும்.

சுஜாதாவின் ஜீனோவில் தகராறு வேறு மாதிரி. 'நாலு காலா?' ஆமாம். 'குரைப்பேனா?' என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது இயந்திர நாய், பேசும், படிக்கும் என்று சொல்லிவிட்டால் விடை உடைந்துவிடும். அதனால் இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு துணைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மனிதனா, உடம்பு உண்டா, எந்தப் பக்கம், எப்படிச் சாவான் என்று நாலு வரி. சந்தேகம் வந்தால் நடுவர் அதைப் பார்த்து ஒரே பதில் சொல்வார்.

விளையாட்டு முடிந்ததும் பத்து நிமிட வேலை. சீட்டின் பின்பக்கம் பென்சிலால் குறி: கண்டுபிடித்தால் வட்டம், யாருக்குமே தெரியாவிட்டால் பெருக்கல் குறி. மூன்று பெருக்கல் விழுந்த சீட்டு வாளியிலிருந்து ஒரு உறைக்குப் போகும். எந்த விளையாட்டுக்கு ஆகும் என்பதற்கு மூலையில் நிறப்புள்ளி. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் வரும் கணினி ஹால் 9000-க்கு உடம்பே இல்லை, சிவப்பாக ஒளிரும் ஒரு கண்ணும் அமைதியான குரலும்தான். நடித்துக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள், ஒன்றும் நடக்காது. ஆனால் நெற்றி விளையாட்டுக்கு அதைப் போல நல்ல சீட்டு கிடையாது. 'ஸ்டார் வார்ஸ்' ரோபோ ஆர்2-டி2 நேர் எதிர்: இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்து ஆடி ஆடி நடந்து 'பீப்' என்றால் முதல் நொடியிலேயே விடை வந்துவிடும்.

இதையெல்லாம் சக்கரத்திலும் செய்யலாமே என்று கேட்கலாம். பெயரைச் சேர்க்கலாம், நீக்கலாம், உண்மைதான். ஆனால் விளையாட்டு முடிந்ததும் செல்போனைத் திறந்து திருத்துகிற பழக்கம் எனக்கு வரவே இல்லை, ஒரு வருடம் முயன்றேன். சீட்டு கையிலேயே இருக்கிறது, மடிக்கும் முன் குறி போட்டுவிடுகிறேன். பிள்ளைகளே போடுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் கூடும் விருந்தில் இரண்டே தடவைதான் ஆடியிருக்கிறேன். அங்கே பட்டியல் பெரிதாக இருந்தால்தான் சுவைக்கும் போலத் தோன்றியது, அதைத் தீர்மானமாகச் சொல்லும் அளவுக்கு ஆடவில்லை.

உறவுக்காரப் பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் ஆடும்போது மட்டும் சக்கரம்தான். வாளிக்குள் நான் கை விடுவதைத் திரையில் பார்த்தால் 'சித்தி, பாத்து எடுக்கறீங்க' என்கிறார்கள். அதற்கும் சீட்டிலிருக்கும் பெயர்களையே தட்டச்சு செய்து ஏற்றுகிறேன். பட்டியல் ஒன்றுதான், பராமரிப்பும் ஒரே இடத்தில்.

இன்றைய கணக்கு: வாளியில் 46, உறையில் 11. உறையில் இருப்பதைத் தூக்கிப் போடுவதில்லை. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியின் தலைவனாக வரும் கேப்டன் நீமோ முதல் வருடமே மூன்று பெருக்கல் வாங்கி உறைக்குப் போனவர். போன மாதம் மகள் அந்த நாவலை முடித்தாள். மறுநாள் காலை உறையைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்து, பெருக்கல் குறிகளை ரப்பரால் அழித்து, அவளே வாளிக்குள் போட்டாள். துணைச் சீட்டையும் இந்த முறை அவள்தான் எழுதினாள், நாலு வரி போதாமல் பின்பக்கமும் தொடர்ந்திருக்கிறது.